எடுத்துவிட்டால் என்ன நஷ்டம்? கட்டாயப் பொருள் சமையல் போட்டி பற்றி ஓர் அறிமுகம்

ஓலைப்பெட்டியின் மூடியைத் திறக்கிறீர்கள். உள்ளே அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு, கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒரு பாக்கெட், ஒரு கை மோர்மிளகாய், காய்க்கும் பழத்துக்கும் நடுவில் நிற்கிற இரண்டு கொய்யா. நான்கையும் பயன்படுத்தியே ஆக வேண்டும். ஒன்றை விட்டாலும் மதிப்பெண் போய்விடும். அரிசிமாவு, தேங்காய், புளி, எண்ணெய், தாளிசச் சாமான் எல்லாம் பொதுமேசையில் இருக்கின்றன. நேரம் 45 நிமிடம்.

முதல் தடவை இப்படி ஒரு பெட்டியைப் பார்க்கிறவருக்குக் கை ஓடாது. ‘இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?’ என்றுதான் தோன்றும். சம்பந்தம் இல்லாமல் இருப்பதுதான் இந்தப் போட்டியின் அடிப்படை. சம்பந்தத்தை உண்டாக்குவது சமைப்பவர் வேலை. எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் பொங்கல் சமயத்தில் தெருவுக்குள் நடக்கிற சின்னப் போட்டிகளில்கூட இப்போது இந்த முறை வந்துவிட்டது. கலந்துகொள்ள ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த யோசனை தொலைக்காட்சி வழியாகப் பரவியது. ஜப்பானில் 1993-இல் தொடங்கிய ‘அயர்ன் செஃப்’ நிகழ்ச்சியில் ஒரே ஒரு பொருளைக் கடைசி நேரத்தில் அறிவிப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அதை வைத்துப் பல பதார்த்தங்கள் செய்ய வேண்டும். அமெரிக்காவில் 2009-இல் வந்த ‘சாப்டு’ (Chopped) நிகழ்ச்சி இதை இன்னும் இறுக்கியது. மூடிய கூடைக்குள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு பொருள்கள் இருக்கும். முதல் சுற்றுக்கு 20 நிமிடம், அடுத்த இரண்டு சுற்றுகளுக்கும் 30 நிமிடம். சுவை, தோற்றம், புதுமை மூன்றையும் பார்த்து நடுவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரை வெளியே அனுப்புவார்கள். நம் ஊர்ப் போட்டிகளில் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கொடுக்கிறார்கள். மற்றபடி விதி ஒன்றுதான்.

நான் முதலில் கலந்துகொண்ட போட்டியில் கொடுத்தது கருப்பட்டி, முருங்கைக்கீரை, அவல். நான் அவல் உப்புமா கிண்டினேன். கீரையை வதக்கிச் சேர்த்தேன். கருப்பட்டியை என்ன செய்வதென்று தெரியாமல், கடைசியில் சீவி மேலே தூவி வைத்தேன். நடுவராக வந்த அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அமைதியாகக் கேட்டார்: “இந்தக் கருப்பட்டியை எடுத்துட்டா உங்க உப்புமாவுக்கு என்ன நஷ்டம்?”

ஒரு நஷ்டமும் இல்லை. எடுத்திருந்தால் உப்புமா இன்னும் நன்றாகவே இருந்திருக்கும்.

பக்கத்து மேசையில் நின்ற பெண் கருப்பட்டியை இடித்து, புளிக்கரைசலில் கரைத்து, மண் போக வடிகட்டி, அந்தத் தண்ணீரிலேயே அவலை ஊறவைத்தார். அப்புறம் கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல் தாளித்துப் புளி அவலாகப் புரட்டினார். கீரையை எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து மேலே உதிர்த்தார். புளியின் கடுப்பைக் கருப்பட்டி வழித்து எடுத்திருந்தது. அதை எடுத்துவிட்டால் அந்தப் புளி அவல் வாயைச் சுளிக்க வைத்திருக்கும். என்னிடம் இருந்த அதே மூன்று பொருள்கள்தாம் அவரிடமும் இருந்தன.

இந்தப் போட்டியைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த சாவி அந்த அக்காவின் கேள்விதான். கட்டாயப் பொருள் ஒவ்வொன்றுக்கும் சட்டியில் ஒரு வேலை இருக்க வேண்டும். புளிப்பு கொடுக்கிற வேலை, கெட்டியாக்குகிற வேலை, மொறுமொறுப்பு, வாசனை, எண்ணெய்ப் பசையை வெட்டுவது, இப்படி ஏதோ ஒன்று. வேலை இல்லாமல் தட்டில் உட்கார்ந்திருக்கிற பொருள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நடுவர் கண்ணில் முதலில் படும்.

சொதியிடம் கேட்டுப் பாருங்கள்

வேலை என்று நான் சொல்வது என்ன என்பதற்குத் திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொதியைவிட நல்ல உதாரணம் கிடையாது. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் பரிமாறுகிற அதே தேங்காய்ப்பால் குழம்புதான். பாசிப்பருப்பு குழைந்து குழம்புக்கு உடம்பு கொடுக்கிறது. காய்கள் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகின்றன. கெட்டியான முதல் பால் கடைசியில், கொதிக்க விடாமல் சேர்கிறது. இஞ்சியும் பச்சை மிளகாயும் காரத்துக்கு. எலுமிச்சம்பழம் பிழிவது அடுப்பை அணைத்து இறக்கின பிறகு. கொதிக்கிறபோது பிழிந்தால் பால் திரிந்துவிடும். பக்கத்தில் வைக்கிற இஞ்சிப் பச்சடிக்கும் வேலை உண்டு. இவ்வளவு தேங்காய்ப்பால் சாப்பிட்ட நாக்குக்கு உறைப்பும் வேண்டும், வயிற்றுக்குச் செரிமானமும் வேண்டும் என்பது பெரியவர்கள் கணக்கு. கூடவே வைக்கிற உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கிறதற்கு. சொதியில் கடிக்க ஒன்றும் இல்லை அல்லவா?

இப்போது இதில் எந்த ஒன்றையாவது எடுத்துப் பாருங்கள். எலுமிச்சை இல்லாவிட்டால் திகட்டும். பருப்பு இல்லாவிட்டால் தண்ணீராக ஓடும். எதை எடுத்தாலும் நஷ்டம். ஊரே சேர்ந்து பல காலமாகச் செதுக்கிய பதார்த்தம் அப்படித்தான் இருக்கும். போட்டியில் 45 நிமிடத்தில் அதன் பக்கத்திலாவது போக முயல்கிறோம்.

முதல் ஐந்து நிமிடம் அடுப்புப் பக்கம் போகாதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் அடுப்பைப் பற்றவைப்பது எல்லோரும் செய்கிற தவறு. முதலில் நான்கையும் ஒவ்வொன்றாக வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். பழகின பொருளாக இருந்தாலும் சரி. இன்றைக்குக் கையில் இருக்கிற கொய்யா எவ்வளவு பழுத்தது என்பது இன்றைக்குத்தான் தெரியும்.

நம் பெட்டிக்கே வருவோம். பனங்கிழங்கில் மாவுச்சத்து இருக்கிறது, நார் இருக்கிறது, அடிநாக்கில் லேசான கசப்பு இருக்கிறது. கொய்யாவில் இனிப்பு கொஞ்சம், துவர்ப்பு கொஞ்சம், வாசனை நிறைய. மோர்மிளகாயைக் காரம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி ஊறி, மறுபடி காய்ந்து வந்தது அது. உப்பு, புளிப்பு, உறைப்பு மூன்றும் ஒன்றாக அடைபட்டிருக்கின்றன. இதைச் சேர்க்கிற சட்டியில் பழக்க தோஷத்தில் உப்பைப் போட்டால் காரியம் கெட்டுவிடும்.

கடலைமிட்டாய்தான் பலரைத் திணற வைக்கும். ஏற்கெனவே முடிந்துபோன ஒரு தின்பண்டத்தை மறுபடி என்ன சமைப்பது? இங்கே ஒரு தந்திரம் உண்டு. முடிந்த பண்டம் கையில் வந்தால் அதை மனசுக்குள் பிரித்துப் போடுங்கள். கடலைமிட்டாய் என்பது வறுத்த வேர்க்கடலையும் வெல்லப்பாகும். அவ்வளவுதான். உங்கள் கையில் இருப்பது மிட்டாய் இல்லை, வெல்லமும் கடலையும். வெல்லம் எத்தனை குழம்பில் ஒரு துண்டு விழுகிறது! கடலை எத்தனை சட்னியில் அரைபடுகிறது! பிரித்துப் பார்த்த அடுத்த நொடியே வழி தெரியத் தொடங்கிவிடும். தூத்துக்குடி மக்ரூன் கொடுத்தாலும் இதே கணக்குதான்: முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சீனி. மிக்சர் கொடுத்தால் பொரித்த கடலைமாவு, கடலை, உப்பு, காரம்.

அடுத்து, இந்த நான்கில் யாருக்கு யார் ஏற்கெனவே சொந்தம் என்று தேட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் கொய்யாவைக் கீறி உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பார்களே, அதைத் தின்ற நாக்குக்குக் கொய்யாவும் மோர்மிளகாயும் அந்நியம் இல்லை. அல்வா தின்ற கையோடு ஒரு வாய் மிக்சர் கேட்கிற ஊர் இது. இனிப்புக்குப் பக்கத்தில் உப்பும் காரமும் வருவது நமக்குப் புதிது இல்லை. உப்பு கசப்பை அடக்கும் என்பதால் மோர்மிளகாய்க்கும் பனங்கிழங்குக்கும்கூட ஒரு உறவு வந்துவிடுகிறது. நான்கு தனித்தனிப் பொருள்களாக இருந்தவை இப்போது மோர்மிளகாய் வழியாக ஒன்றுக்கொன்று சொந்தமாகிவிட்டன.

புதுசு என்பது எவ்வளவு புதுசு?

புதுப் பதார்த்தம் கண்டுபிடிப்பது என்றதும் உலகத்தில் யாரும் செய்யாத ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் அப்படி முயன்றவர்கள் எல்லோரும் நேரம் முடிகிறபோது பாதி வெந்த ஏதோ ஒன்றோடு நின்றார்கள். கைக்குப் பழகின ஒரு பதார்த்தத்தைச் சட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு உத்தரம், தூண் மாதிரி. அதில் ஒவ்வொரு வேலையிலும் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, ஆளை மாற்றுங்கள். கொழுக்கட்டை, துவையல், தீயல், பச்சடி, அடை, பணியாரம் எல்லாம் நல்ல சட்டங்கள். எத்தனை மாற்றினாலும் தாங்கும்.

நம் பெட்டிக்கு நான் எடுப்பது கொழுக்கட்டையும் மாங்காய்ப் பச்சடியும்.

மாங்காய்ப் பச்சடியில் யார் யார் இருக்கிறார்கள்? புளிப்பான காய், வெல்லம், வற்றல் தாளிசம். மாங்காயின் இடத்தில் கொய்யாவை நிறுத்துகிறேன். நடுவில் இருக்கிற விதைப் பகுதியை வழித்து எடுத்துவிட்டுச் சதையைத் துருவிக்கொள்ள வேண்டும். மாங்காயின் புளிப்பு கொய்யாவிடம் இல்லாததால் கொஞ்சம் புளிக்கரைசல். வெல்லத்தின் இடத்தில் கடலைமிட்டாய். கொதிக்கிற புளித்தண்ணீரில் மிட்டாயைப் பொடித்துப் போட்டால் பாகு கரைந்து, கடலை தனியே நின்றுவிடும். கடலையை அரித்து எடுத்து வைத்துவிட்டு, அந்த இனிப்புப் புளிப்புத் தண்ணீரில் கொய்யாத் துருவலைப் போட்டால் பத்து நிமிடத்தில் தானாகவே இறுகி வரும். கொய்யாவில் பெக்டின் என்கிற பொருள் நிறைய இருக்கிறது. சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து கொதிக்கும்போது அது கூழைக் கட்ட வைக்கும். கொய்யா ஜாம் உறைவதும் இதனால்தான். கெட்டியாக்க மாவு கரைத்து ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. கொய்யாவுக்கு வாசனை ஒரு வேலை, இறுக்குவது இன்னொரு வேலை.

மோர்மிளகாயை எண்ணெயில் கருகாமல், நன்றாகச் சிவக்கப் பொரிக்க வேண்டும். பொரித்த எண்ணெயைக் கீழே கொட்டிவிடாதீர்கள். மிளகாயின் காரம் எண்ணெயில்தான் கரையும். அந்த எண்ணெயிலேயே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துப் பச்சடியில் கொட்டினால் மிளகாயைக் காணாமலே அதன் உறைப்பு உள்ளே போய்விடும். பொரித்த மிளகாயில் பாதியை நொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கொழுக்கட்டை. பனங்கிழங்கை இரண்டாகப் பிளந்து, நடுவில் ஓடுகிற குருத்தையும் ஓரத்து நாரையும் உரித்து எடுத்துவிட்டு, சிறு துண்டாக்கி மிக்சியில் உதிரியாக அடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கம் வீடுகளில் இதோடு பச்சை மிளகாய், பூண்டு, தேங்காய், உப்பு சேர்த்து இடித்து உருண்டை பிடித்துத் தின்பது உண்டு. அந்த உருண்டையைத்தான் கொழுக்கட்டைக்குள் கொண்டுபோகிறோம். கிழங்கு நார் நாராக இருப்பதால் தனியாகப் பிடித்தால் உதிர்ந்துவிடும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைந்த அரிசிமாவு அதைக் கட்டி நிறுத்தும். தேங்காய்த் துருவல், நொறுக்கி வைத்த மோர்மிளகாய் சேர்த்துப் பிசைந்து, வாயில் ஒரு துளி வைத்து உப்புப் பார்த்து, பிடிகொழுக்கட்டையாகப் பிடித்து ஆவியில் வைத்தால் பன்னிரண்டு நிமிடம் போதும். கார்த்திகைக்குப் பனையோலைக்குள் மாவை வைத்து அவிக்கிற ஓலைக்கொழுக்கட்டை நினைவுக்கு வருகிறதா? குருத்தோலை ஒரு துண்டு கிடைத்தால் விடாதீர்கள். பனங்கிழங்குக்குப் பனையோலை வாசனையைப் போலப் பொருத்தம் வேறு எதுவும் இல்லை.

அரித்து வைத்த கடலையைக் கரகரப்பாக உடைத்து, கடைசியில் பச்சடி மேல் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் ஊறி மெத்தென்று ஆகிவிடும். மெத்தென்ற கொழுக்கட்டை, குழைந்த பச்சடி. கடிக்கிறதற்கு இந்தத் தட்டில் அது ஒன்றுதான் இருக்கிறது.

இப்போது அக்காவின் கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேட்டுப் பாருங்கள். மிட்டாயை எடுத்தால் பச்சடியில் இனிப்பும் இல்லை, தட்டில் மொறுமொறுப்பும் இல்லை. மோர்மிளகாயை எடுத்தால் உப்பும் உறைப்பும் போய்விடும். கொய்யா இல்லாவிட்டால் பச்சடியே இல்லை. பனங்கிழங்கை எடுத்தால் வெறும் மாவுக் கொழுக்கட்டை. நான்கில் எதைத் தொட்டாலும் தட்டு சரிந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. வேலை கொடுக்கிறேன் என்று பொருளை முழுக்கக் கரைத்து மறைத்துவிடவும் கூடாது. சாப்பிடுகிறவர் ‘இதில் கொய்யா எங்கே?’ என்று தேடும்படி ஆனால் அதுவும் தோல்விதான். மேலே சும்மா உட்காரவும் கூடாது, உள்ளே காணாமல் போகவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே நிற்பது நாள்பட்ட பழக்கத்தில்தான் வரும். தெரியாத பட்சத்தில் ஒரே பொருளை இரண்டு உருவத்தில் வையுங்கள். பாதியைக் கரைத்து, பாதியைக் கடிக்கிற மாதிரி. மேலே கடலைமிட்டாய்க்கும் மோர்மிளகாய்க்கும் செய்தது அதுதான்.

சட்டியில் நடக்கிற விபத்துகள்

யோசனை நன்றாக இருந்தும் சட்டியில் கெட்டுப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் பாதி, பால் திரிவது. கருப்பட்டியோ வெல்லமோ கொதிக்கிற பாலில் விழுந்தால் திரிந்துவிடும் வாய்ப்பு அதிகம், அவற்றில் புளிப்புத்தன்மை இருக்கிறது. பாலை இறக்கி ஆறவிட்டு, கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டி அப்புறம் சேர்க்க வேண்டும். தேங்காய்ப்பாலுக்குச் சொதியில் சொன்ன கதைதான். மோரைத் தளதளவென்று கொதிக்க விட்டாலும் இதே கதி.

இன்னொன்று நேரக் கணக்கு. திருநெல்வேலி என்றதும் கோதுமையைக் கொடுத்தால் அல்வா கிண்டலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, அதைத் தெளியவைத்து, பிறகு நெய் பிரிகிறவரை கிண்ட வேண்டும். ஊறுகிற நேரத்துக்கே போட்டி முடிந்துவிடும். சிறுகிழங்கு கிடைத்தாலும் யோசியுங்கள். மண்ணோடு இருக்கிற கிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலெடுத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் உழைப்பு தெரியும். கால் கிலோவுக்கு மேல் தொடாதீர்கள்.

வாழைப்பூ வந்தால் நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் கறுத்துவிடும். பிரண்டை, சேனை மாதிரி நாக்கு அரிக்கிற பொருள்களுக்குப் புளி இல்லாமல் எந்தப் புதுமையும் செய்ய வேண்டாம்.

பழகுவதற்குப் போட்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கிற சாமான்களின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி, டப்பாவில் போட்டு, பிள்ளைகளை மூன்று சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். உடனே சமைக்க வேண்டும் என்றுகூட இல்லை. வாயால் சொல்லிப் பார்த்தாலே போதும்: இதுக்கு என்ன வேலை, அதுக்கு என்ன வேலை, சட்டம் எது.

போன வாரம் எங்கள் வீட்டில் சீட்டு எடுத்தபோது மக்ரூனும் நெத்திலிக் கருவாடும் தக்காளியும் வந்தன. எல்லோரும் சீட்டைத் திரும்ப டப்பாவில் போடச் சொன்னோம். பதினொரு வயதுத் தங்கை மகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “பெரியம்மா, மக்ரூன்ல முந்திரிதானே இருக்கு? ஆச்சி குழம்புல முந்திரி அரைச்சு ஊத்துவாங்கல்லா? புளிக்குழம்புல வெல்லம் போடுவாங்கல்லா? முந்திரியும் இனிப்பும் இதுல இருக்கே” என்றாள். அம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “ஏளா, சட்டிய எடு” என்றாள்.

கருவாட்டை வெந்நீரில் அலசி வறுத்து வைத்தோம். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கி எண்ணெய் பிரிந்ததும் இரண்டே இரண்டு மக்ரூனை நொறுக்கிப் போட்டாள். அது கரைந்து தொக்கு பளபளவென்று திரண்டது. கருவாட்டைக் கடைசியில் சேர்த்தோம், உப்பே போடவில்லை. மிச்சம் இருந்த ஒரு மக்ரூனைத் தட்டு ஓரத்தில் முழுசாக வைத்துவிட்டு நின்றவள், கொஞ்சம் யோசித்து, அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.